பொத்தை இறக்கத்தில் ஆறு நாட்கள்

கோவில்பட்டி ஸ்டேஷனில் நான் இறங்கினேன்; என் சைக்கிள் இறங்கவில்லை.

வண்டி நிற்பது இரண்டு நிமிடம். சூட்கேஸை இறக்கினேன், தோள்பையை இறக்கினேன், ஆளுயர அட்டைப்பெட்டியை இழுக்கத் திரும்பினால் வாசலில் ஒரு குடும்பமே ஏறிக்கொண்டிருந்தது. "பொறுங்க அண்ணாச்சி, பிள்ளைய ஏத்திக்கிடுதேன்" என்றார் அந்த வீட்டுக்காரர். பிள்ளை ஏறியது, அம்மா ஏறினார், அவர்களுடைய மூன்று வாளிகளும் ஏறின. வண்டி நகர்ந்துவிட்டது. என் பெட்டி கதவோரம் சாய்ந்தபடி திருநெல்வேலிப் பக்கமாகப் போவதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன்.

நான் ஆஸ்திரியாவில் ஒரு மலையடிவார ஹோட்டலில் பதினான்கு வருடமாகச் சமையல்காரன். கோடையில் அந்த மலையில் சைக்கிளில் இறங்குவதற்கென்றே கூட்டம் வரும். பனிக்காலத்தில் சறுக்க வரும். நடுவில் நவம்பர் மாதம் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். அந்த ஓய்வில்தான் ஊருக்கு வருவேன். இந்த முறை சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னவன் மைதீன். பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி. அவன் வாப்பா வைத்திருந்த வாடகை சைக்கிள் கடையை இப்போது கியர் சைக்கிள் விற்கும் கடையாக்கி வைத்திருக்கிறான்.

"ஏலே காளி, சைக்கிள எங்கலே?" என்று கேட்டபடி வந்தான்.

"மணியாச்சிக்குப் போவுது."

பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். அரை மணி நேரத்தில் போன் வந்தது. பெட்டி மேல் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து யாரோ புண்ணியவான் கூப்பிட்டார். "மணியாச்சியில எறக்கி டீ ஸ்டால் பக்கத்துல வச்சிட்டேன். உள்ள என்ன, டிவியா?" என்றார். சைக்கிள் என்றேன். "சைக்கிளா! நம்ம ஊர்ல கெடைக்காத சைக்கிளா?" என்று வருத்தமாகக் கேட்டுவிட்டு வைத்தார்.

மைதீனின் வேனில் மணியாச்சி போய் எடுத்து வந்தோம். இரண்டு நாள் மழை பெய்து வெறித்திருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. நனைந்த கரிசலின் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். அங்கே மழை பெய்தால் பைன் மர வாசனை வரும், நல்ல வாசனைதான். ஆனால் அது எனக்கு எதையும் ஞாபகப்படுத்தாது.

திரும்பும்போது கடம்பூரில் நிறுத்திப் போளி வாங்கினோம். இலையோடு கையில் சுட்டது. அங்கே எங்கள் ஹோட்டலில் மெல்லிய தோசை மாதிரி ஒன்றைச் சுட்டு, ஆப்ரிகாட் ஜாம் தடவிச் சுருட்டித் தருவோம். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிச் சாப்பிடுவார்கள். அவர்களில் ஒருவரையாவது கடம்பூருக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வேன்.

நான்காவது போளியில் மைதீன் விஷயத்துக்கு வந்தான். ஊருக்கு மேற்கே எங்களுக்குத் தெரிந்த பொத்தை ஒன்று உண்டு. சின்னக் கல்குன்றுகளை எங்கள் பக்கம் பொத்தை என்றுதான் சொல்வோம். அதன் உச்சியிலிருந்து அடிவாரம் வரை அவனும் சைக்கிள் குழுவினரும் சேர்ந்து ஒரு தடம் வெட்டியிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் அதில் இறங்கப் போகிறார்கள்.

"நீ மொதல்ல ஓட்டிப் பாத்து, சரின்னு சொல்லணும். அவ்வளவுதான். ஆஸ்திரியா அண்ணாச்சி பாத்துட்டாருன்னு சொன்னாத்தான் வீட்டுல விடுதாவளாம்."

போளியை மென்றுகொண்டே சரி என்றேன்.

சரி என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. போன ஜூலையில் ஒரு வேர் தடுக்கி விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டேன். தகடு வைத்து ஆறு திருகாணி போட்டிருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ஒரு இறக்கத்தில்கூட நான் ஓட்டவில்லை. சைக்கிளின் முன்சக்கரம் கீழ்நோக்கிச் சாய்ந்தாலே கை மரத்துப்போகிறது. இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மலையில் இறங்கும் என் பழைய வீடியோக்களைப் புதிதுபோலப் போட்டுக்கொண்டிருந்தேன். மைதீன் ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாகக் கைதட்டல் படம் அனுப்புவான்.

புதன்கிழமை கடையில் பெட்டியைப் பிரித்துச் சைக்கிளைப் பூட்டினேன். மைதீனுக்கு அன்று ஒரு பள்ளிக்கூடத்து வியாபாரம், தலை நிமிர நேரமில்லை. வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்து போனபடி இருந்தார்கள். டயரின் தடிமனைப் பார்த்து ஒருவர், "இது டிராக்டருக்குப் பொறந்ததுலா" என்றார். எதிர்க்கடையிலிருந்து டீயும் ஒரு பொட்டலம் காராச்சேவும் வந்தன. மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்ட அந்தச் சேவுக்கு முன்னால் அங்குள்ள எந்த நொறுக்குத்தீனியும் நிற்காது. நானும் பல முறை அங்கே பிழிந்து பார்த்திருக்கிறேன். கடலைமாவு மாறிவிடுகிறதோ, கை மாறிவிடுகிறதோ, வரவில்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்தால் பழசெல்லாம் தானே வரும். மணிக்கணக்குக்குச் சைக்கிள் விட்ட காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் வாப்பாவுக்குத் தெரியாமல் ஒன்றை உருவிக்கொண்டு போய்விடுவோம். மழைக்காலத்தில் கரிசல் மண் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய் அடைத்துக்கொள்ளும். பிரேக் கட்டையில் அப்பிக்கொள்ளும். அதனால் எங்கள் பக்கம் ஐப்பசி பிறந்தால் மட்கார்டையும் பிரேக்கையும் கழற்றிவிடுவார்கள். நிறுத்த வேண்டுமானால் செருப்புக்காலைப் பின்சக்கரத்தில் வைத்து அழுத்த வேண்டியதுதான். எங்கள் இருவரின் வலது செருப்பும் எப்போதும் நடுவில் தேய்ந்திருக்கும். அதைப் பார்த்தே, "எவன் சைக்கிள எடுத்தான்?" என்று வாப்பா கண்டுபிடித்துவிடுவார்.

அப்படி ஒரு பிரேக் இல்லாத சைக்கிளில், நான் ஓட்ட, மைதீன் கேரியரில் நின்றபடி, இதே பொத்தையின் வண்டிப்பாதையில் இறங்கியிருக்கிறோம். பாதி வழியில் செருப்பு பறந்தது. சோளக்காட்டுக்குள் போய் விழுந்தோம். அவனுக்கு முன்பல் நுனி உடைந்தது. சேற்றில் மல்லாக்கக் கிடந்து இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அந்தப் பையன் நான்தான் என்று நம்பவே முடியவில்லை.

"கடைசியா எப்ப ஆஸ்திரியா மலையில இறங்குனே? போன வாரமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஹோட்டல் பூட்டுவதற்கு முந்தின நாள் என்றேன். பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை காலையில் பொத்தைக்குப் போனோம். மைதீன் உடனே ஓட்டச் சொன்னான். முதலில் நடந்து பார்க்க வேண்டும், அதுதான் அங்கே முறை என்றேன். இதில் பொய் இல்லை. ஆனால் எனக்கு அன்று அது ஒரு நாள் தவணை.

அங்கே லூக்காஸ் என்று என்னோடு சமையலறையில் வேலை பார்ப்பவன் இருக்கிறான். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவன். புதுத் தடம் என்றால் சைக்கிளைக் கீழேயே வைத்துவிட்டு நடந்து மேலே போவான். ஒவ்வொரு வளைவிலும் நின்று, இங்கே விழுந்தால் எங்கே போய் விழுவோம் என்று பார்ப்பான். ஒரு நாள் பாதி இறக்கத்தில், அவன் நூறு தடவை தாண்டிய இடத்தில், நிறுத்தி இறங்கிவிட்டான். "இன்றைக்கு இல்லை" என்றான். அவ்வளவுதான். உருட்டிக்கொண்டு பக்கத்துப் பாதையில் போனான். அங்கே ஒவ்வொரு குதிப்புக்கும் பக்கத்தில் அப்படி ஒரு சுற்றுப்பாதை வைத்திருக்கிறார்கள். அதில் போகிறவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை.

மைதீன் வெட்டிய தடத்தில் சுற்றுப்பாதை இல்லை. தடம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மேலே சரளைக்கல், அப்புறம் முள் நிறைந்த உடைமரங்களுக்கு நடுவே ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் இடுப்பளவு உயரத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு பாறை. அதிலிருந்து சைக்கிளோடு குதித்தாக வேண்டும்.

"இதுலதான் பயலுவளுக்கு உசிரு" என்றான் மைதீன்.

பாறைமேல் ஒரு பெண் உட்கார்ந்து டப்பாவில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளாடுகள். ராமலட்சுமி என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் போன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம நான் ஆட்ட எங்கன கொண்டு போவ? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள் மைதீனிடம்.

"ஒரு நாளு அந்தப் பக்கம் மேய்ச்சுக்கோ தாயி. நீ எப்பவும் அஞ்சு மணிக்கு மேலதான எறக்குவ?"

"மழை இருட்டுச்சின்னா முன்னாலயே எறக்கிருவேன். நனைஞ்சா சளி பிடிச்சிக்கிடும்லா." பிறகு என்னைப் பார்த்தாள். "இவியதான் வெளிநாட்டு அண்ணாச்சியா? இதுல குதிப்பீயளா?"

பார்க்கலாம் என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு டப்பாவை மூடினாள்.

பாறைக்குக் கீழே நீண்ட சரிவு. அது போய் முடிகிற இடத்தில் கரிசல்காடு. அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. வேகமாக வருகிற சக்கரம் ஈரக் கரிசலில் இறங்கினால் அப்படியே நின்றுவிடும், ஆள் மட்டும் போவான். தடத்தை அதற்கு முன்பே திருப்பி முடிக்க வேண்டும் என்றேன். மைதீன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டு, சுண்ணாம்பை எடுத்துக் கோடு போட்டான். நான் சொல்வதையெல்லாம் இவ்வளவு நம்புகிறானே என்று அவன் முகத்தைப் பார்க்காமல் கோட்டையே பார்த்தேன்.

மத்தியானம் அவன் வீட்டில் நெய்ச்சோறும் தால்ச்சாவும். அவன் மனைவி ரஹ்மத் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். "அண்ணே, நீங்க வந்ததுல இருந்து இவிய சின்னப் பிள்ளையாட்டம் ஆடுதாவ. அம்பது ஆவப்போவுதுன்னு ரெண்டு பேரும் ஞாபகம் வச்சிக்கிடுங்க" என்றது. நான் சிரித்துக்கொண்டு இரண்டாவது முறை தால்ச்சா வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு மழை. மைதீன் ஜும்மா முடித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தான். நான்கு மணிக்குப் பொத்தை உச்சியில் நின்றோம். மேற்கே மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது. தலைக்கவசத்தை மாட்டினேன். முகத்தை முழுதும் மூடுகிற கவசம். கையுறை போட்டேன். முழங்கால் பட்டையைக் கட்டினேன். கட்டுவதற்கு இன்னும் ஏதாவது மீதி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் கை மரத்தது. இன்றைக்கு இல்லை என்ற இரண்டு வார்த்தை போதும். லூக்காஸிடம் என்றால் சொல்லியிருப்பேன். அங்கே நான் யாரோ ஒருவன். இங்கே பிரேக் இல்லாத சைக்கிளில் இறங்கிய காளி. அந்தக் காளி உடைந்துபோய்விட்டான் என்று மைதீனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சைக்கிளைவிட்டு இறங்கினேன். "பின் சக்கரத்துல என்னமோ சத்தம் கேக்குலே. நீ கொஞ்சம் ஓட்டு, நான் பின்னால கேட்டுக்கிட்டே வாரேன்" என்றேன்.

சத்தம் என்று சொன்னால் மெக்கானிக் நிற்பானா? ஆசையாக ஏறினான். கவசத்தைக் கழற்றி அவன் தலையில் மாட்டி, பட்டையை நானே இறுக்கினேன். அந்த ஒன்றையாவது செய்தேன்.

செய்யாதது என்னவென்று சொல்கிறேன். நம் ஊர் சைக்கிளில் வலது கைப்பிடி முன் பிரேக், இடது கைப்பிடி பின் பிரேக். ஆஸ்திரியாவில் அது தலைகீழ். இடது கைதான் முன்சக்கரத்தைப் பிடிக்கும். நான் அங்கே போன முதல் வாரத்தில் ஒரு புல்தரையில் மெதுவாகப் போகும்போதே இடது கையை அழுத்திக் குப்புற விழுந்து, லூக்காஸ் சிரிக்கச் சிரிக்க எழுந்தவன். நம் ஊர்க்காரன் எவனிடம் அந்தச் சைக்கிளைக் கொடுத்தாலும் முதலில் சொல்ல வேண்டிய சொல் அதுதான். எனக்கு அப்போது மனது முழுக்க, நான் ஓட்டாமல் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி. வேறு எதற்கும் அதில் இடமில்லை.

மைதீன் இறங்கினான். சரளையில் நன்றாகவே போனான். "சத்தம் ஒண்ணும் இல்லலே!" என்று கத்தினான். நான் பின்னால் ஓடினேன். உடைமர வளைவில் அவன் திரும்பவும், மழை இருட்டலைப் பார்த்து ராமலட்சுமி முன்னாலேயே இறக்கிய ஆடுகள் தடத்தில் குறுக்கே வரவும் சரியாக இருந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவன் இடது கையை முழுக்க அழுத்தினான். முன்சக்கரம் அங்கேயே நின்றது. பின்சக்கரம் எழுந்து அவனைத் தூக்கி எறிந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் ராமலட்சுமி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "தலையத் தூக்காதீய, தலையத் தூக்காதீய" என்று கவசத்தோடு அவன் தலையை அமுக்கிப் பிடித்திருந்தாள். கவசம் ஒரு பக்கம் பிளந்திருந்தது. அவனுடைய இடது மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"நான்தாம்லே அவசரப்பட்டுட்டேன்" என்றான் மைதீன். "ஆட்டுக்கு அடிபட்டுச்சா?"

"ஆடு உங்களவிட உசாரு அண்ணாச்சி" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான ஓட்டணும்னு சொன்னாவ? இவிய ஏன் வந்தாவ?"

விரல் அசைகிறதா, கால் அசைகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று மட்டும் மைதீனிடம் கேட்டேன். மூன்றுக்கும் சரியான பதில் வந்த பிறகே எழுப்பினோம். அவளுடைய துண்டால் கையைக் கழுத்தோடு கட்டினோம். வேனை நான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு என்றார்கள். தலைக்கும் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். கவசத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த டாக்டர், "இது இல்லைன்னா நாம இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டோம்" என்றார். ரஹ்மத் கஞ்சி கொண்டுவந்தது. எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மாவுக்கட்டு போட்டு முடித்ததும் மைதீனிடம் பிரேக் விஷயத்தைச் சொன்னேன்.

"கடை வச்சிருக்கவன் நான்லா பாத்திருக்கணும்" என்றான் யோசித்தபடி. பிறகு, "சத்தம் கேக்குன்னியே. சத்தம் ஒண்ணுமில்லயேலே. ஏன் நீ ஓட்டல?" என்று கேட்டான்.

சட்டைப் பித்தானைக் கழற்றித் தோள்பட்டைத் தழும்பைக் காட்டினேன். ஜூலையிலிருந்து நடந்தது முழுவதும் சொன்னேன். பழைய வீடியோக்களையும் சொன்னேன். பயமாக இருந்தது, அதனால்தான் உன்னை ஏற்றினேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவன் கோபப்படுவான் என்று தெரியும். இதற்குக் கோபப்படுவான் என்று நினைக்கவில்லை.

"கை ஒடிஞ்சது போட்டும்லே. எலும்பு கூடிரும். பயம்னா பயம்னு எங்கிட்ட சொல்லுததுக்கு உனக்கு என்ன? யாருகிட்டலே மறைக்க? நாப்பது பேரு வாரான் ஞாயித்துக்கெழம. உன் வாயிலருந்து சரின்னு ஒரு சொல்லு வந்தா அத்தன பேரும் அந்தப் பாறையில எறங்குவான். அதுல உன்ன மாதிரி பயந்துக்கிட்டு, சொல்ல முடியாம நிக்கவன் எத்தன பேரு இருப்பான்? அவன் கழுத்து ஒடிஞ்சா?"

அவன் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கஞ்சி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை தனியாகப் பொத்தைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தபடி பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். ராமலட்சுமி ஆடுகளோடு வந்தாள். மைதீனுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பாறையை எப்படிச் சுற்றுவது என்று கேட்டேன்.

"இதுல என்ன யோசன? சினை ஆடு எங்கன எறங்குதுன்னு பாருங்க" என்றாள்.

பார்த்தேன். கிடாய்கள் பாறையிலிருந்து குதித்தன. வயிறு தள்ளிய இரண்டு ஆடுகள் மட்டும் இடதுபக்கம் திரும்பி, புதருக்குப் பின்னால் ஒரு சாய்வான தடத்தில் பைய இறங்கி வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. மற்ற ஆடுகள் அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அரிவாளும் கடப்பாரையும் வாங்கி வந்தேன். அன்று மத்தியானம் வரை முள்ளை வெட்டி, கல்லைப் புரட்டி அந்தத் தடத்தை ஒரு சைக்கிள் அகலத்துக்கு ஆக்கினேன். அவளும் அரைமணி நேரம் கல் பொறுக்கிப் போட்டாள். வேலை நடக்கும்போது பழைய பாட்டு ஒன்று அவள் போனில் ஓடியது. நானும் மைதீனும் கடை வாசலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டும்போது ரேடியோவில் கேட்ட பாட்டு. கடப்பாரையைப் பிடித்தபடி முழுப் பாட்டையும் நின்று கேட்டேன்.

ஞாயிறு காலை வெயில் நன்றாக அடித்தது. நாற்பது பேருக்கும் அதிகமாகவே வந்திருந்தார்கள். பேங்க் வேலைக்காரர்கள், மெடிக்கல் ஷாப்காரர், டீச்சர் ஒருவர், காலேஜ் பிள்ளைகள். பாதிப்பேர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்திருந்தார்கள். ஹெல்மெட் இல்லாமல் வந்த மூன்று பேரை மைதீன் வளைவுகளில் கொடி பிடிக்க அனுப்பினான். ஆம், மைதீன் வந்திருந்தான். பின்பக்கத்து வண்டிப்பாதை வழியாக வேனில் உச்சிவரை வந்து, மாவுக்கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சைக்கிளின் பிரேக்கையும் நல்ல கையால் அழுத்திப் பார்த்தான். என்னோடு மட்டும் பேசவில்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசியது கொஞ்சம்தான். மைதீனுக்கு ஏன் கை ஒடிந்தது என்று சொன்னேன். என் தோள்பட்டையைப் பற்றிச் சொன்னேன். நாலு மாதமாக நான் எந்த இறக்கத்திலும் ஓட்டவில்லை, நீங்கள் பார்த்த வீடியோ எல்லாம் பழசு என்றேன். "இந்தப் பாறையில நான் குதிக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. உருட்டிக்கிட்டுப் போறதுக்குப் பக்கத்துல பாதை போட்டிருக்கேன்" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மைதீன் திரும்பிப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

பிறகு மைதீன் கடை ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு நான் முதல் ஆளாக இறங்கினேன். கை மரத்தது. இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து, நடக்கிற வேகத்தில் சரளையைக் கடந்தேன். வளைவில் உடம்பு பழைய வேலையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொண்டது. பாறை வந்ததும் நிறுத்தி, இறங்கி, உருட்டிக்கொண்டு ஆட்டுத்தடத்தில் போனேன். உச்சியிலிருந்து அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது சூடாகிவிட்டது. கீழே சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றேன்.

அடுத்து வந்த காலேஜ் பிள்ளை, காலையில் இரண்டு தடவை பாறையை நடந்து பார்த்தவன், அழகாகக் குதித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கடுத்து மெடிக்கல் ஷாப்காரர். பாறை விளிம்பு வரை வந்தார், நின்றார், எட்டிப் பார்த்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு!" என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கி உருட்டினார். அதற்கப்புறம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உருட்டித்தான் வந்தார்கள். ஒரு முழங்கால் சிராய்ப்போடு அன்றைய கணக்கு முடிந்தது. ரஹ்மத் அனுப்பிய எலுமிச்சை சாதத்தை அடிவாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நாற்காலியை எடுக்க மறுபடி மேலே ஏறினேன். மைதீன் எழுந்து தடத்தின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வேனில் ஏறச் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்தான்.

"நான் வெட்டுன தடம். ஒரு தடவையாவது முழுசா எறங்க வேண்டாமா?" என்றான். இரண்டு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நடந்தே இறங்கினோம். சக்கரங்கள் கிளறிவிட்ட சரளை வழுக்கியது. அவன் மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தான். வாப்பாவைப் பற்றிப் பேசினான். சோளக்காட்டுக்காரர் எங்களை விரட்டி வந்ததைச் சொன்னான். எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் கையில் விளக்குமாறு இருந்ததாம். இரண்டு பேரும் சிரித்தோம், நிதானமாக, விழுந்துவிடாத அளவுக்கு.

பாறைக்குப் பக்கத்துச் சரிவில் வந்து நின்றான். கீழே பார்த்தான்.

"பயமா இருக்காலே?" என்று கேட்டான்.

"நடக்கதுக்கு என்ன பயம்? இல்ல" என்றேன்.

"எனக்கு இருக்கு. கையப் பிடி" என்றான்.

பிடித்துக்கொண்டேன்.